தகப்பன் கடமை எந்த வயதில் முடிகிறது? கல்வராயன் மலையை முன்வைத்து

பிரிந்து போன தகப்பன் பிள்ளைக்கு எந்த வயது வரை ஜீவனாம்சம் கட்ட வேண்டும்? எந்த வக்கீலைக் கேட்டாலும் யோசிக்காமல் ‘பதினெட்டு’ என்பார். அது பாதிதான் சரி. பிள்ளை ஆணா பெண்ணா, உடல்நலம் எப்படி, என்ன மதம், மனு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்து விடை மாறும். கல்வராயன் மலை ஏறினால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: சாதிச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது? கரியாலூரில் இருக்கும் ஒரு மலையாளிப் பெண்ணுக்கும், மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் இருக்கும் அவளுடைய கல்லூரித் தோழிக்கும் சட்டம் ஒரே விடை சொல்வதில்லை. இந்த வித்தியாசம் பலருக்கும் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எல்லோருக்கும் பொதுவான சட்டம். 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவை நீதிமன்ற வாசலில் கால் வைத்த எவரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதற்கு முன் 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 488-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. எண் மாறினாலும் அடிப்படை மாறவில்லை: வசதி இருந்தும் பெண்டாட்டி பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டவனை மாதாமாதம் பணம் கட்டச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். இதில் சாதி, மதம், பழங்குடி என்ற பேதம் கிடையாது. தாலி கட்டிப் பிறந்த பிள்ளையா, கட்டாமல் பிறந்த பிள்ளையா என்ற பேதமும் கிடையாது. 2001 வரை மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்ல முடியாதபடி ஒரு உச்சவரம்பு இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் அது போயிற்று. வழக்கு முடியும்வரை இடைக்காலத் தொகை கேட்கலாம். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்து கூடியவரை 60 நாளுக்குள் அதை முடிவு செய்ய வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான்.

இந்தப் பிரிவின் கணக்கில் பிள்ளை என்றால் மைனர் பிள்ளை. மேஜர் ஆன பிறகும் கேட்க வேண்டுமானால் ஒரே ஒரு வழிதான்: உடல் குறையாலோ மனநலக் குறையாலோ காயத்தாலோ தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலையில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வயது வரம்பே இல்லை. நாற்பது வயதானாலும் தகப்பன் பொறுப்பு தீராது. கல்யாணம் ஆன மகளுக்கு மட்டும் இந்த வழி திறக்காது.

புதிய சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பழைய 125-இல் ‘மைனர் பிள்ளை’ என்றிருந்த இடத்தில், புதிய 144-இல் ‘பிள்ளை’ என்று மட்டும் இருக்கிறது. அப்படியானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத எந்த வயதுப் பிள்ளையும் கேட்கலாமா? கேட்டுப் பார்க்க இடமிருக்கிறது. ஆனால் அடுத்த உட்பிரிவு மேஜர் ஆன, குறைபாடுள்ள பிள்ளையைத் தனியாகச் சொல்கிறது. முதல் உட்பிரிவே எல்லா வயதையும் அடக்கிவிட்டால் இரண்டாவதற்கு வேலையே இல்லை. ஆகவே இதை வைத்து மலையேறி யாருக்கும் நம்பிக்கை சொல்ல நான் தயாரில்லை. சட்டம் எழுதியவர்கள் தெரிந்து விட்டார்களா, கை தவறி விட்டார்களா என்பதை என்றாவது உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

இந்துக்களுக்கு இதோடு இன்னொரு சட்டமும் உண்டு. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம். அதன் 20-ஆம் பிரிவு தகப்பனை மட்டுமல்ல, சம்பாதிக்கும் தாயையும் கட்டுப்படுத்தும். மகனுக்கு மைனர் வயது வரை. மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை, தன் சம்பாத்தியத்திலோ சொத்திலோ அவள் வாழ முடியாதிருந்தால். அந்தச் சட்டம் பராமரிப்பு என்று சொல்வதில் சோறு, துணி, இருப்பிடம், மருத்துவம் மட்டுமல்ல, படிப்பும் அடங்கும். கல்யாணமாகாத மகளுக்குக் கல்யாணச் செலவும் அடங்கும். பெற்றவர் உயிரோடிருக்கும் வரைதான் இந்தக் கடமை. இறந்துவிட்டால் கல்யாணமாகாத மகளும் மைனர் மகனும் அவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது உரிமை கேட்கலாம்.

இரண்டு சட்டமும் எப்படி இணைகின்றன என்ற கேள்வியில் நீதிமன்றங்கள் நெடுநாள் தடுமாறின. மேஜர் ஆன மகள் 125-இன் கீழே கேட்டால், 20-ஆம் பிரிவைச் சேர்த்துப் படித்துக் கொடுத்துவிடலாமே என்று சில உயர் நீதிமன்றங்கள் கொடுத்தன. 2020 செப்டம்பரில் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை முடித்து வைத்தது. உடல், மனக் குறை இல்லாத மேஜர் மகளுக்கு 125-இன் கீழே மாஜிஸ்திரேட் கொடுக்க முடியாது. அவள் 20-ஆம் பிரிவின்படி தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு அதிகாரமும் கையில் இருக்கும் குடும்பநல நீதிமன்றமாக இருந்தால் சேர்த்துப் பார்க்கலாம் என்றது. சட்டப்படி தெளிவான தீர்ப்பு. ஆனால் நடைமுறையில் அது என்ன சொல்கிறது? குடும்பநல நீதிமன்றம் உள்ள ஊர்க்காரிக்கு ஒரு வழக்கு. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் மட்டும் உள்ள ஊர்க்காரிக்கு இரண்டு வழக்கு.

மற்ற மதத்தாரைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முஸ்லிம் தனிச்சட்டத்திலும் மகளுக்குக் கல்யாணம் வரை தகப்பன் பொறுப்பு உண்டு. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கான 1986 சட்டத்தில் உள்ள இரண்டு வருடக் கணக்கு பிள்ளைகளின் உரிமையைக் குறைக்காது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிறிஸ்தவ மகளுக்கு 20-ஆம் பிரிவு போன்ற ஒன்று கிடையாது. மேஜர் ஆன பின் அவள் நிலை ஏறத்தாழ கரியாலூர்ப் பெண்ணின் நிலைதான்.

இப்போது கரியாலூருக்கு வருவோம். கல்வராயன் மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்வதால் மலையாளி. முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. பேச்சு தமிழ், கும்பிடுவது கரியராமரையும் மாரியம்மனையும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவர்கள் இந்துக்கள் என்பதில் சந்தேகமே வராது. ஆனால் பழைய தென்னாற்காடு மாவட்டத்து மலையாளிகள் அட்டவணைப் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். தென்னாற்காடு விழுப்புரமாகி, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகும் அது அப்படியே.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு என்ன சொல்கிறது? மத்திய அரசு அரசிதழில் வேறு விதமாக அறிவித்தாலொழிய இந்தச் சட்டம் அட்டவணைப் பழங்குடியினருக்குப் பொருந்தாது. இந்து திருமணச் சட்டத்திலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் இதே வாசகம் உண்டு. எனவே கரியாலூர் மலையாளிப் பெண்ணுக்கு 20-ஆம் பிரிவு இல்லை. விவாகரத்து வழக்கோடு பிள்ளைச் செலவு கேட்க உதவும் இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும் இல்லை. மிஞ்சுவது 144 மட்டும். அதுவும் பதினெட்டில் நின்றுவிடும்.

பழங்குடியினரின் வழக்கத்தில் அரசு கை வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட விலக்கு இது. அந்த எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. வழக்கம் இருக்கிறது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2001-இல் ஒரு பழங்குடித் தம்பதியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேஜர் மகளுக்குத் தகப்பன் படிப்புச் செலவு கொடுக்கும் வழக்கம் மலையாளிகளிடம் இருக்கிறது என்று நிரூபிக்க எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? மகள் கல்லூரிக்குப் போவதே ஒரு தலைமுறைக்கு முன்தான் தொடங்கியது. கல்லூரிக் கட்டணத்துக்கு வழக்கம் எங்கிருந்து வரும்? இந்து முறைகளை முழுதாக ஏற்றுவிட்ட பழங்குடியினருக்கு இந்துச் சட்டம் பொருந்தலாம் என்று 2000-இல் ஒரு வாரிசுரிமை வழக்கில் வழி திறந்தது உண்மை. அந்த வழியில் போனால் தான் பழங்குடி மரபில் இல்லை என்று அந்தப் பெண்ணே நீதிமன்றத்தில் வாதாட வேண்டும். கையில் இருக்கும் எஸ்.டி. சான்றிதழ்தான் அவளுடைய கல்லூரி இடமும் உதவித்தொகையும். எந்த வக்கீல் அதைச் செய்யச் சொல்வார்?

வழக்கம் என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த மலையில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை, 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு முழுமையாக வந்தது. அதுவரை கட்டினது, பிரிந்தது எல்லாம் ஊர்ப் பெரியவர்கள் முன்னால்தான் பேசி முடித்தார்கள். இன்றும் முதல் பேச்சு அங்கேதான். பரியப் பணம் திரும்ப வருமா, பிள்ளைகள் யாரோடு, நகை யாருக்கு என்று பேசி, ‘இனி ஒருத்தர் மேல ஒருத்தர் கோர்ட்டுக்குப் போகக்கூடாது’ என்று ஒரு தாளில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொள்வார்கள். அந்தத் தாள் தாயைக் கட்டுப்படுத்துமா என்பது தனி விவாதம். பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. தாய் தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம், மகளுக்கு உள்ள உரிமையை விட்டுக்கொடுக்க அவளுக்கு அதிகாரமில்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மொத்தமாக இருபதாயிரம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று ஒதுங்கி நிற்கும் தாய்மார்கள் இதை அறிய வேண்டும்.

பதினெட்டு என்ற கோடு நடைமுறையில் எங்கே விழுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2007 நவம்பரில் பிறந்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவரை விடுதியும் சாப்பாடும் அரசு கொடுத்தது. அப்பா கட்டிய மாதம் 3,000 ரூபாய் தம்பி, அம்மா, வீடு என்று ஓடிற்று. 2025 மார்ச்சில் பிளஸ் டூ. ஜூலையில் கள்ளக்குறிச்சியில் கல்லூரி. மலையிலிருந்து தினமும் போய் வர முடியாது; விடுதி அல்லது வாடகை அறை. பஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம், ஒரு செல்போன். அவள் வாழ்வில் முதன்முறையாகச் செலவு ஏறுகிற நேரம். முதல் செமஸ்டர் தேர்வு எழுதும் மாதத்தில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. பணம் நிற்கிறது. செலவு குறைவாக இருந்த வயது முழுக்கக் கடமை இருந்தது. செலவு கூடியபோது கடமை முடிந்துவிட்டது.

அந்த நவம்பர் தேதியேகூட உறுதியானதாக இருக்காது. வீட்டில் பிறந்து, பதிவு செய்யாமல் விட்டு, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் ஒரு தேதியைப் போட்டுக் கொடுத்த கதை மலைக்கிராமங்களில் சகஜம். நீதிமன்றத்துக்கு அந்தத் தேதிதான் பேசும். ஐந்து மாதம் முன்னே போட்டிருந்தால் ஐந்து மாதப் பணம் போச்சு.

மகனுக்கு இன்னும் மோசம். இந்துவாகவே இருந்தாலும் மகனுக்கு 20-ஆம் பிரிவு மைனர் வயதோடு சரி. இதை உணர்ந்து டில்லி உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் ஒரு வழக்கில், மகனுக்குப் பதினெட்டு ஆனதும் தகப்பன் கையைக் கழுவிக்கொள்ள முடியாது, மகன் பட்டப்படிப்பை முடிக்கும்வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும்வரை தாய்க்கு மாதம் 15,000 ரூபாய் கொடு என்றது. பணத்தை மகன் பெயரில் கொடுக்காமல், மகன் செலவைச் சுமக்கும் தாயின் பெயரில் கொடுத்ததுதான் அந்தத் தீர்ப்பின் சூட்சுமம். இந்தச் சூட்சுமம் கரியாலூருக்கும் பயன்படும். மனைவிக்கான ஜீவனாம்சத்துக்கு வயது வரம்பு கிடையாது. தாய் தனக்கான தொகையைக் கேட்கும்போதோ கூட்டிக் கேட்கும்போதோ, கல்லூரிப் பிள்ளையின் சுமை தன் தலையில் இருப்பதைச் சொல்லிக் கேட்கலாம். டில்லித் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றத்தைக் கட்டாயப்படுத்தாது. எடுத்துக்காட்டலாம், அவ்வளவே.

அரசு தன்னை ஒரு தகப்பன் இடத்தில் வைத்துப் பார்த்தபோது என்ன செய்தது என்பதையும் இந்த மாவட்டத்திலேயே பார்த்தோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு முதலமைச்சர் அறிவித்த உதவியில் மாதம் 5,000 ரூபாய் பராமரிப்புத் தொகை பதினெட்டு வயது வரை; ஆனால் படிப்பு, விடுதிச் செலவு பட்டப்படிப்பு வரை. ஐந்து லட்சம் வைப்புத்தொகை பதினெட்டு முடிந்ததும் வட்டியோடு கைக்கு வரும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024-இலும் வந்தன. பதினெட்டில் பிள்ளை நின்றுவிடுவதில்லை என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்றவனுக்கு மட்டும் சட்டம் அதைச் சொல்ல மறுக்கிறது.

தமிழர் வாழும் மற்ற நாடுகளைப் பாருங்கள். இலங்கையில் 1889-ஆம் ஆண்டுப் பழைய கட்டளைச் சட்டத்தை எடுத்துவிட்டு 1999-இல் கொண்டுவந்த பராமரிப்புச் சட்டம் பதினெட்டுக்கு மேல் இருபத்தைந்துக்குள் உள்ள, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளைக்கும் உரிமை கொடுத்தது. மகன், மகள் பேதம் இல்லை. சிங்கப்பூரில் இருபத்தொன்று, படித்துக்கொண்டோ தேசிய சேவையிலோ இருந்தால் அதற்கு மேலும் நீதிமன்றம் உத்தரவிடலாம். மலேசியாவின் கதை நமக்கு மிக நெருக்கமானது. 2004-இல் ஒரு தமிழ்த் தம்பதியர் வழக்கில் அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம், பல்கலைக்கழகப் படிப்புக்காகப் பதினெட்டைத் தாண்டி ஜீவனாம்சம் கிடையாது, சட்டம் இடம் தரவில்லை என்று தீர்ப்பளித்தது. நம் அபிலாஷா தீர்ப்பின் அதே தொனி. ஆனால் அங்கே நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 2017-இல் சட்டத்தைத் திருத்தி, மேற்படிப்போ பயிற்சியோ முடியும்வரை என்று எழுதியது. 2018 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றம் கைவிரித்தால் சட்டமன்றம் கை நீட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

இளவயதுக் கல்யாணத்தைச் சொல்லாமல் இந்த மலையைப் பற்றிப் பேச முடியாது. மைனர் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டால் தகப்பன் பொறுப்பு முடிந்ததா? முடியவில்லை. கட்டியவனுக்கு வசதியில்லை என்றால், அவள் மேஜர் ஆகும்வரை தகப்பனையே கட்டச் சொல்லலாம். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பழங்குடியினருக்கும் பொருந்தும். அதன்படி திருமணத்தை ரத்து செய்யும்போது பெண்ணுக்கு மறுமணம் வரை ஜீவனாம்சம் உண்டு. கட்டியவனும் மைனர் என்றால் அவனுடைய தாய் தகப்பன் கொடுக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கும் பராமரிப்பு உண்டு. அது எல்லா விதத்திலும் முறையான வாரிசு.

உத்தரவு வாங்குவது பாதி வேலை, பணம் வாங்குவது மீதி. தகப்பன் கர்நாடகத்துக் காப்பி எஸ்டேட்டுக்கோ கேரளத்துக்கோ கூலி வேலைக்குப் போயிருப்பான். ‘எனக்கு வேலையே இல்லை’ என்று மனுவுக்குப் பதில் போடுவான். உடம்பில் தெம்புள்ளவன் கூலி வேலை செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2020 நவம்பரின் ரஜ்னேஷ்–நேஹா தீர்ப்பின்படி இரு தரப்பும் சொத்து, வருமானக் கணக்கைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். ஜீவனாம்சம் தீர்ப்புத் தேதியிலிருந்து அல்ல, மனுப் போட்ட தேதியிலிருந்து. இது பெரிய விஷயம். பிள்ளைக்குப் பதினாறு வயதில் போட்ட மனு பத்தொன்பதில் முடிந்தாலும், பதினாறிலிருந்து பதினெட்டு வரைக்கான தொகை கைக்கு வரும். மேஜர் ஆகிவிட்டதால் பழைய பாக்கி கரைந்துபோகாது. ஆனால் உத்தரவு வந்த பிறகு விழும் பாக்கிக்கு, விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுப் போட வேண்டும். அதைத் தாண்டினால் வாரண்ட் கிடைக்காது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டுவிட்டு மலையிறங்க வேண்டிய பெண்ணுக்கு இந்த ஓராண்டு மிகச் சீக்கிரம் ஓடிவிடும்.

என் முடிவு இதுதான். பழங்குடியினருக்குப் பாதுகாப்பாக வைத்த விலக்கு, பிள்ளைச் செலவு விஷயத்தில் கடமை தவறிய தகப்பனுக்குப் பாதுகாப்பாகிவிட்டது. பழங்குடி மகள்களுக்கு வாரிசுரிமையில் சம உரிமை இல்லாதது பற்றி மத்திய அரசு யோசிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. ஜீவனாம்சத்துக்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். இந்துச் சட்டத்தை மலைமேல் ஏற்ற வேண்டியதில்லை. அது வழக்கங்களோடு வேறு சண்டைகளைக் கிளப்பும். 144-ஆம் பிரிவில் ஒரு வரி சேர்த்தால் போதும்: படித்துக்கொண்டிருக்கும் மேஜர் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை. அது இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், மலையாளி எல்லோருக்கும், மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாகப் பொருந்தும். சாராயச் சாவுகளுக்குப் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றோடு இந்தக் கேள்வியையும் யாராவது அங்கே வைக்க வேண்டும்.

அதுவரை கரியாலூர்த் தாய்மார்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: பஞ்சாயத்துத் தாளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைக்குப் பதினெட்டு ஆவதற்கு முன்பே, முடிந்தால் இன்றே, மனுவைப் போடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பழங்குடியினருக்கும் வக்கீல் இலவசம். வருமானச் சான்று தேவையில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தொலைபேசி எண் 15100.